விக்கிப்பீடியாக் குறுக்குவழிகளைப் பிறருக்குப் புரியும்படி எழுதுவது

ஒரு கட்டுரையை நீக்குவதா வைத்திருப்பதா என்று பேசும் ஆங்கில விக்கிப்பீடியாவின் நீக்கல் உரையாடல்களில் இப்படிப்பட்ட வரிகள் சாதாரணம்: "நீக்குக. டபிள்யூபி:ஜிஎன்ஜி தேறவில்லை, டபிள்யூபி:ஆர்எஸ் இல்லை, டபிள்யூபி:ப்ரோமோ." எழுதியவர் முழு வாதத்தையும் வைத்துவிட்டதாக நினைக்கிறார். அந்தக் கட்டுரையை முந்தைய நாள் உருவாக்கிய புதியவருக்கோ தன் கட்டுரையில் என்ன குறை என்று இதிலிருந்து ஒன்றும் தெரிவதில்லை. எந்த வரியைத் திருத்துவது, எதைத் தேடிக் கொண்டுவந்து சேர்ப்பது என்பதும் தெரிவதில்லை.

(விக்கியில் இவை ஆங்கிலப் பேரெழுத்துகளில் இருக்கும். இங்கே ஒலிபெயர்த்திருக்கிறேன். விதிப் பக்கங்களைச் சுட்டும் இந்தச் சுருக்கங்களைத்தான் குறுக்குவழி என்கிறோம். ஜிஎன்ஜி என்பது பொதுக் குறிப்பிடத்தக்கமை, ஆர்எஸ் என்பது நம்பகமான சான்றுகள், ப்ரோமோ என்பது விளம்பரம் பற்றியது.)

குறுக்குவழி மோசமான ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. நாளுக்குப் பத்து உரையாடல்களில் கலந்துகொள்பவர் ஒவ்வொரு முறையும் கொள்கைப் பக்கத்தின் முழுப் பெயரைத் தட்டச்சு செய்ய முடியாது. ஆனால் அது தட்டச்சு செய்பவரின் வசதிக்காக வந்தது. வாசிப்பவருக்குச் சேர வேண்டிய சொற்களை அது தாங்கி நிற்காது. அவற்றை நாம்தான் எழுத வேண்டும்.

முதலில் இது எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். குறுக்குவழி என்பது ஒரு வழிமாற்றுப் பக்கம், அவ்வளவுதான். அதற்குள் #வழிமாற்று [[சேரவேண்டிய பக்கம்]] என்று ஒரே ஒரு வரி இருக்கும். அதைச் சொடுக்கினால் மென்பொருள் சேரவேண்டிய பக்கத்தைக் காட்டும். எங்கிருந்து வழிமாறி வந்தோம் என்பது தலைப்புக்குக் கீழே சிறிய எழுத்தில் தெரியும். டபிள்யூபி என்பது ஆங்கில விக்கிப்பீடியாவில் "விக்கிப்பீடியா" பெயர்வெளியின் மாற்றுப்பெயர். பெயர்வெளி என்பது ஒரே வகைப் பக்கங்களின் தொகுதி, அதன் பெயர் தலைப்புக்கு முன்னால் வரும். கொள்கை, வழிகாட்டல், நீக்கல் உரையாடல் பக்கங்கள் எல்லாம் இந்தப் பெயர்வெளியில்தான் இருக்கின்றன. அதன் பேச்சுப் பக்கங்களுக்கு டபிள்யூடி.

எழுத்து அளவில் ஒரு சிக்கல் உண்டு. பெயர்வெளியின் பெயரைப் பேரெழுத்திலோ சிற்றெழுத்திலோ எழுதலாம். தலைப்பின் முதல் எழுத்துக்கும் இதே சலுகை. அதற்குப் பிறகு வரும் எழுத்துகளுக்கு இது கிடையாது. ஆகவே என்பிஓவி (நடுநிலை நோக்குக் கொள்கையின் குறுக்குவழி) என்பதை முழுக்கப் பேரெழுத்தில் எழுதுவதும், முதல் எழுத்தை மட்டும் பேரெழுத்தாக்கி எழுதுவதும் மென்பொருளுக்கு இரண்டு வெவ்வேறு பக்கங்கள். யாராவது அந்த இரண்டாவது வடிவத்துக்கும் வழிமாற்று உருவாக்கியிருந்தால் இணைப்பு வேலை செய்யும். இல்லாவிட்டால், அப்படி ஒரு பக்கம் இல்லை என்பதற்கு அடையாளமாகச் சிவப்பாக நிற்கும். தேடல் பெட்டி எழுத்து வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்வதால் "தேடினால் வருகிறதே, இணைப்பில் ஏன் வரவில்லை?" என்று பலர் குழம்புகிறார்கள். முன்தோற்றத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இனி எழுதும் முறை. விதியின் சாரத்தை உங்கள் சொந்த வாக்கியத்தில் சொல்லுங்கள். இணைப்பு அந்த வாக்கியத்தின் சொற்களுக்கு அடியில் இருக்கட்டும். சதுர அடைப்புக்குள் பக்கத்தின் பெயர், செங்குத்துக்கோடு, காட்ட வேண்டிய சொற்கள் என்ற வரிசை: [[விக்கிப்பீடியா:நடுநிலை நோக்கு|நடுநிலையோடு எழுதவேண்டும்]]. தட்டச்சைக் குறைக்க நினைத்தால் கோட்டுக்கு இடப்புறம் குறுக்குவழியைப் போட்டுக்கொள்ளலாம். வாசிப்பவர் காண்பது வலப்புறத்தைத்தான். எழுதுபவரின் வசதியும் வாசிப்பவரின் தேவையும் இந்த ஒரு கோட்டால் நிறைவேறிவிடுகின்றன.

மேலே காட்டிய நீக்கல் கருத்தையே எடுத்துக்கொள்வோம். கட்டுரை ஒரு நிறுவனத்தைப் பற்றியது என்று வைத்துக்கொள்வோம். அதை இப்படி எழுதலாம்: "நீக்கலாம் என்று கருதுகிறேன். கட்டுரையில் உள்ள இரண்டு சான்றுகளும் அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்து வந்தவை. தனிக் கட்டுரை வேண்டுமானால், நிறுவனத்தோடு தொடர்பில்லாத நம்பகமான ஊடகங்கள் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். அப்படி இரண்டு மூன்று கிடைத்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்." இதில் 'விரிவாக எழுதியிருக்க வேண்டும்' என்பதற்கு அடியில் பொதுக் குறிப்பிடத்தக்கமை விதியை இணைத்துவிடலாம். வரிகள் கூடிவிட்டன, உண்மைதான். ஆனால் இரண்டு சான்றுகளையும் திறந்து பார்க்காதவரால் இந்தப் பத்தியை எழுதவே முடியாது. குறுக்குவழியை மட்டும் வீசிவிட்டுப் போவதற்குக் கட்டுரையைப் படித்திருக்கக்கூட வேண்டியதில்லை. நான் இதை இவ்வளவு வற்புறுத்துவதற்கு முதல் காரணம் அதுதான். விதியைச் சொற்களில் எழுத உட்காரும்போது, அந்த விதி இந்தக் கட்டுரைக்குப் பொருந்துகிறதா என்று நம்மை நாமே கேட்டாக வேண்டியிருக்கிறது.

பழகியவர்கள் மட்டும் பேசும் இடங்களில் இவ்வளவு விரிவு தேவையில்லை. நிருவாகிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது குறுக்குவழியே போதும். புதிய பயனரின் பேச்சுப் பக்கம், நீக்கல் உரையாடல், கட்டுரையின் பேச்சுப் பக்கம் ஆகிய மூன்றிலும்தான் கவனம் வேண்டும். ஒரே கருத்தில் ஒரு குறுக்குவழி பலமுறை வந்தால் முதல் முறை முழுப் பெயரோடு எழுதுங்கள், பிறகு சுருக்கிக்கொள்ளுங்கள்.

கைபேசியையும் நினைவில் வையுங்கள். கணினியில் சுட்டியை இணைப்பின் மேல் கொண்டுபோனால் எந்தப் பக்கத்துக்குப் போகும் என்று எட்டிப் பார்க்கலாம். கைபேசியில் அந்த வசதி கிடையாது. பெரும்பாலும் தொட்டுத் திறந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். பாதி எழுதிய பதிலை வைத்துக்கொண்டு ஆறு இணைப்புகளைத் திறந்து திறந்து மூடுவது யாருக்கும் பெரும்பாடு. சுட்டியை மேலே கொண்டுபோனதும் சுருக்கத்தின் விரிவைத் துணுக்காகக் காட்டும் வார்ப்புருக்களும் (பக்கத்தில் பதிக்கும் ஆயத்தத் துண்டுகள்) இதே காரணத்தால் கைபேசியில் பயன்படுவதில்லை. திரைவாசிப்பான் வழியாகக் கேட்கும் பார்வையற்றோருக்கு என்பிஓவி என்பது நான்கு தனி எழுத்துகளாக ஒலிக்கக்கூடும். 'நடுநிலை நோக்கு' என்றால் ஒருமுறை கேட்டதும் புரிந்துவிடும்.

செங்குத்துக்கோட்டில் ஒரு குறுக்கு உத்தி இருக்கிறது. [[விக்கிப்பீடியா:ஆலமரத்தடி|]] என்று கோட்டுக்குப் பின் எதுவும் எழுதாமல் சேமித்தால், மென்பொருளே பெயர்வெளியை நீக்கி 'ஆலமரத்தடி' என்ற சொல்லை வலப்புறம் நிரப்பிவிடும். [[வேங்கை (மரம்)|]] என்று எழுதினால் அடைப்புக்குறிக்குள் இருப்பது போய் 'வேங்கை' மட்டும் தெரியும். இந்த உத்தி பலிக்காத இடங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். # போட்டு ஒரு பக்கத்தின் உட்பகுதியைக் குறிக்கும் இணைப்பில் இது பலிக்காது. சான்று இடுவதற்கான மேற்கோள் குறிச்சொற்களுக்கு உள்ளேயும் பலிக்காது. சேமிக்கும்போது நடக்கும் மாற்றம் அந்தக் குறிச்சொற்களுக்குள் நுழைவதில்லை. தொகுப்புச் சுருக்கத்திலும், அதாவது திருத்தத்தைச் சேமிக்கும்போது எழுதும் சிறு குறிப்பிலும், பலிக்காது. இந்த மூன்று இடங்களிலும் காட்ட வேண்டிய சொல்லை நீங்களே எழுதுங்கள்.

தொகுப்புச் சுருக்கத்தைப் பற்றிக் கூடுதலாக ஒன்று. அங்கே சதுர அடைப்பு இணைப்பு வேலை செய்யும். வார்ப்புரு வேலை செய்யாது. முன்பு அந்தப் பெட்டி 255 பைட்டுகளை மட்டுமே ஏற்றது. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு ஆவதால், தமிழில் 85 குறியீடுகளோடு இடம் தீர்ந்துவிடும். 'கி' போன்ற உயிர்மெய்யில் எழுத்து, துணைக்குறி என இரண்டு குறியீடுகள் இருக்கின்றன. அதனால் உண்மையில் கிடைத்தது அதையும் விடக் குறைவு. அந்த நெருக்கடியில் குறுக்குவழி கட்டாயமாக இருந்தது. 2018இல் இந்த வரம்பு 500 குறியீடுகளாக உயர்ந்தது. எனவே கட்டுரை ஒன்றில் பிறர் எழுதியதை மீளமைக்கும்போது, அதாவது அவர் திருத்தத்தை நீக்கிப் பழைய நிலைக்குத் திருப்பும்போது, வெறும் குறுக்குவழியைப் போடுவதற்கு இடமின்மை இனிக் காரணம் ஆகாது. "சான்று ஆசிரியரின் சொந்த வலைப்பூ, வேறு சான்றோடு மீண்டும் சேர்க்கலாம்" என்று எழுதத் தாராளமாக இடம் இருக்கிறது.

குறுக்குவழிகள் மறைக்கும் இன்னொரு விஷயம் பக்கத்தின் தகுதி. ஆங்கில விக்கிப்பீடியாவில் கொள்கை, வழிகாட்டல், தனிப்பட்ட கருத்துக் கட்டுரை என மூன்று படிகள் உண்டு. மூன்றுக்கும் குறுக்குவழி ஒரே தோற்றத்தில்தான் இருக்கும். டபிள்யூபி:டக் (பார்த்தாலே தெரிவதற்கு வேறு நிரூபணம் வேண்டாம்), டபிள்யூபி:ஸ்நோ (முடிவு உறுதியாகத் தெரிந்தால் முழு நடைமுறை வேண்டாம்) இரண்டும் கருத்துக் கட்டுரைகள். டபிள்யூபி:பிஆர்டி, அதாவது துணிந்து திருத்து, மீளமைத்தால் உரையாடு என்னும் சுழற்சி, விரும்பினால் பின்பற்றக்கூடிய ஒரு முறை மட்டுமே. அதைக் கொள்கை போலக் காட்டி அடுத்தவரை மிரட்டுபவர்கள் நிறைய. இதற்கு மாறாக டபிள்யூபி:ஐஏஆர், அதாவது எல்லா விதிகளையும் ஒதுக்கிவைக்கலாம் என்பது, கேட்க விளையாட்டாக இருந்தாலும் முறையான கொள்கை. நல்லெண்ணம் கொள்க என்னும் ஏஜிஎஃப் வழிகாட்டல். ஆகவே இணைப்போடு தகுதியையும் ஒரு சொல்லில் சேர்த்துவிடுங்கள்: "வழிகாட்டலின்படி", "இது ஒரு கருத்துக் கட்டுரைதான், ஆனாலும்". பக்கத்தின் உச்சியில் உள்ள பட்டையைப் பார்த்தால் எந்தத் தகுதி என்று உடனே தெரியும்.

பெயரைப் பார்த்துப் பொருளை ஊகிக்கும் ஆபத்து இதைவிடப் பெரிது. குறுக்குவழிகளுக்குப் பெயர் வைப்பவர்கள் நினைவில் நிற்க வேண்டும் என்பதற்காகச் சுருக்கென்ற சொல்லைத் தேர்கிறார்கள். அந்தச் சொல்லே விதி ஆகிவிடுகிறது. டபிள்யூபி:நாட்நியூஸ் என்பதைச் 'செய்திக்கு இங்கே இடமில்லை' என்று படிக்கிறார்கள். அங்கே சொல்லப்படுவது, நிகழ்வு ஒன்று காலப்போக்கில் நிலைக்கும் முக்கியத்துவம் உடையதா என்று பார்க்கவேண்டும் என்பது. அண்மை நிகழ்வுகளைப் பற்றிய கட்டுரைகளுக்கு அது தடை போடவில்லை. டபிள்யூபி:ப்ரைமரி என்பதை 'முதனிலைச் சான்று (நிகழ்வோடு நேரடித் தொடர்புள்ள மூல ஆவணம்) கூடாது' என்று சொல்வதற்குப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பகுதியைத் திறந்து படித்தால், முதனிலைச் சான்றைக் கவனத்தோடு, அதில் இருப்பதை மட்டும் நேராகச் சொல்லப் பயன்படுத்தலாம் என்றே இருக்கிறது. டபிள்யூபி:3ஆர்ஆர் இன்னொரு எடுத்துக்காட்டு. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்றுக்கு மேல் மீளமைக்கக் கூடாது என்பது விதி. மூன்று முறை மீளமைக்கும் உரிமை அது தரவில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் மாறிமாறி மீளமைப்பது மூன்றுக்குள் நின்றாலும் திருத்தப்போர் திருத்தப்போர்தான். நீங்கள் காட்டும் பக்கத்தை அனுப்பும் முன் ஒருமுறை திறந்து, உங்களுக்கு வேண்டிய வரி அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் அந்தப் பக்கங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

தமிழ் விக்கிப்பீடியாவுக்கு வருவோம். 2003இல் தொடங்கிய நம் விக்கியில் பலர் ஆங்கில விக்கியிலும் பங்களிப்பவர்கள். அங்கே பழகிய குறுக்குவழிகள் இங்கேயும் கையோடு வந்துவிடுகின்றன. தமிழ் விக்கியில் சதுர அடைப்புக்குள் எழுதும் எந்தக் குறுக்குவழியும் தமிழ் விக்கிக்குள் உள்ள பக்கத்தைத்தான் தேடும். ஆங்கிலப் பக்கத்தைக் காட்டவேண்டுமானால் முன்னால் முக்காற்புள்ளி, ஆங்கிலத்துக்கான இரண்டெழுத்து மொழிக்குறி, மறுபடி முக்காற்புள்ளி என்று எழுதிவிட்டுத்தான் தலைப்பைத் தொடங்க வேண்டும். முதல் முக்காற்புள்ளியை விட்டுவிட்டால் கட்டுரைப் பக்கங்களில் அந்த இணைப்பு வரியிலிருந்தே மறைந்து, பிறமொழி இணைப்புகளின் பட்டியலுக்குப் போய்விடும். கட்டுரைகளை வகைப்படுத்தும் பகுப்பிலும் இதேதான். [[:பகுப்பு:மரங்கள்]] என்று எழுதினால் பகுப்புக்கு இணைப்பு; முக்காற்புள்ளி இல்லாவிட்டால் உங்கள் பேச்சுப் பக்கமே மரங்களின் பட்டியலில் சேர்ந்துவிடும்.

இணைப்பைச் சரியாகக் கொடுத்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஒவ்வொரு மொழி விக்கியும் தன் கொள்கைகளைத் தானே முடிவு செய்கிறது. ஆங்கில விக்கியின் விதி தமிழ் விக்கியைத் தானாகக் கட்டுப்படுத்தாது. "ஆங்கில விக்கியில் இப்படி ஒரு வழிகாட்டல் உள்ளது, நாமும் ஏற்கலாமா?" என்று கேட்பது நேர்மையான வழி. குறுக்குவழியை மட்டும் போட்டால், நம்மிடம் இல்லாத விதி இருப்பதுபோல் ஆகிவிடும்.

தமிழ் வாக்கியத்துக்குள் ஆங்கிலச் சுருக்கம் ஒட்டாததற்கு வேற்றுமை உருபும் ஒரு காரணம். 'என்பிஓவியின்படி', 'ஜிஎன்ஜிக்கு உட்பட்டு' என்று எழுதும்போது வாசிப்பு தடுக்கி விழுகிறது. 'நடுநிலை நோக்கைக் கடைப்பிடிக்க வேண்டும்' என்றால் எந்தத் தடையும் இல்லை. இங்கே சொல்லின் ஈறு மாறுவதால் செங்குத்துக்கோடு கட்டாயம் வேண்டும்: [[விக்கிப்பீடியா:நடுநிலை நோக்கு|நடுநிலை நோக்கைக்]] கடைப்பிடிக்க. தமிழில் புதிதாகக் குறுக்குவழி உருவாக்குபவர்களுக்கு என் ஆலோசனை இது: முதலெழுத்துகளைக் கோத்து 'நநோ' என்பது போல வைக்காதீர்கள். தமிழர் காதுக்கு அது சொல்லாகவே படாது. முழுப் பெயரிலிருந்து ஒரே சொல்லை எடுத்து வையுங்கள். 'நடுநிலை' என்பது தட்டச்சுக்கும் எளிது, படித்ததும் புரியும்.

தட்டச்சு என்றதும் தமிழ்99 நினைவுக்கு வருகிறது. அந்த விசைப்பலகையில் சதுர அடைப்பின் இரண்டு விசைகளும் 'ச', 'ஞ' ஆகிவிட்டன. இணைப்பு கொடுக்க ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்துக்கு மாறித் திரும்ப வேண்டும். விக்கியின் உள்ளீட்டுக் கருவியில் கண்ட்ரோல்+எம் அழுத்தினால் இந்த மாற்றம் நடக்கும். பக்கத்தை அதன் தோற்றத்திலேயே திருத்த உதவும் காட்சித் தொகுப்பியில் கண்ட்ரோல்+கே அழுத்தினால் இணைப்புப் பெட்டியே திறக்கும். அங்கே அடைப்புக்குறியும் வேண்டாம், கோடும் வேண்டாம். சொற்களைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கண்ட்ரோல்+கே அழுத்தினால் அவற்றுக்கு அடியில் இணைப்பு போய் உட்காரும்.

குறுக்குவழி உருவாக்குவதிலும் பராமரிப்பதிலும் வழக்கமாக நேரும் பிழைகள் சில உண்டு. வழிமாற்றை இன்னொரு வழிமாற்றுக்குத் திருப்பினால் மென்பொருள் ஒரு தாவலோடு நின்றுவிடும். படிப்பவர் பாதி வழியில் அந்த இடைப்பட்ட வழிமாற்றுப் பக்கத்திலேயே நிற்பார். பக்கத்தின் உட்பகுதிக்குப் போகும் குறுக்குவழி #வழிமாற்று [[பக்கம்#உட்தலைப்பு]] என்று இருக்கும். யாராவது அந்த உட்தலைப்பைத் திருத்தினால் குறுக்குவழி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பக்கத்தின் உச்சிக்குப் போய் நிற்கும். உடைந்தது யாருக்கும் தெரியாது என்பதால் இது சிவப்பிணைப்பைவிட மோசம். அந்த இடத்துக்கு ஒரு நிலையான பெயர் கொடுக்கும் நங்கூர வார்ப்புரு ஒன்றை அங்கே வைத்து, குறுக்குவழியை உட்தலைப்புக்குப் பதில் நங்கூரத்தின் பெயருக்குத் திருப்புவது பாதுகாப்பானது. கொள்கைப் பக்கத்தின் குறுக்குவழிப் பெட்டியில் ஒன்றோ இரண்டோ பெயர்களை மட்டும் காட்டுங்கள். ஏழு எட்டு பெயர்களை அடுக்கினால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் பிடித்துக்கொள்வார்கள். கூட்டு வழக்கு உருவாகாது.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியது, பழைய குறுக்குவழியை வேறு பக்கத்துக்குத் திருப்புவது. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதிய கருத்தின் பொருள் அவருக்கே தெரியாமல் மாறிவிடும். திருப்பும் முன் 'இப்பக்கத்தை இணைத்தவை' பட்டியலைப் பாருங்கள். பயன்பாடு மிகுந்திருந்தால் அப்படியே விட்டுவிட்டு, சேரும் பக்கத்தின் உச்சியில் "நீங்கள் தேடுவது இதுவாகவும் இருக்கலாம்" என்று ஒரு வரி சேர்ப்பதே சரி. பக்கத்தின் உள்ளடக்கமும் காலப்போக்கில் மாறும் என்பதால், ஒரு முடிவுக்கு அடிப்படையான வாசகத்தைக் காட்டவேண்டிய இடங்களில் குறுக்குவழி போதாது. பக்க வரலாற்றில் அந்தத் தேதிக்குரிய பதிப்பைத் திறந்து, அதன் நிலையான இணைப்பைக் கொடுங்கள். ஒரு குறிப்பிட்ட திருத்தத்தைக் காட்ட, முன்னும் பின்னுமான பதிப்புகளை ஒப்பிடும் அதன் வேறுபாட்டு இணைப்பே சரியான சான்று.

விக்கிக்கு வெளியே பகிர்வது தனிக் கணக்கு. தமிழ்த் தலைப்புள்ள முகவரியை நகலெடுத்தால் ஒவ்வொரு குறியீடும் விழுக்காட்டுக் குறியோடு 9 எழுத்துகளாக விரிந்துவிடும். 'விக்கிப்பீடியா' என்ற சொல்லில் 14 குறியீடுகள். அது மட்டும் 126 எழுத்துகள். 'ஆலமரத்தடி' 81. இடையிலுள்ள முக்காற்புள்ளியோடு 208 எழுத்துகள், தளத்தின் பெயர் இன்னும் வரவில்லை. வாட்சாப்பில் ஒட்டினால் திரை முழுக்க எண்ணும் விழுக்காடும்தான். இதற்காகவே விக்கிமீடியா 2019இல் டபிள்யூ.விக்கி என்னும் முகவரிச் சுருக்கியைத் தொடங்கியது. விக்கிமீடியாத் தளங்களின் முகவரிகளை மட்டுமே அது சுருக்கும். அச்சிடும் துண்டறிக்கைக்கும் கைபேசிச் செய்திக்கும் அது நல்ல கருவி. அங்கேயும் முன்னால் பக்கத்தின் பெயரைத் தமிழில் எழுதிவிட்டுப் பின்னால் முகவரியை வையுங்கள், ஏனென்றால் சுருங்கிய முகவரியைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. விக்கிக்குள் மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள். அது வெளியிணைப்பாகக் கருதப்படுவதால் 'இப்பக்கத்தை இணைத்தவை' பட்டியலில் வராது, பக்கம் இல்லாவிட்டால் சிவப்பாகியும் காட்டாது. அங்கே சதுர அடைப்பும் செங்குத்துக்கோடும் போதும்.